சேமிப்பில் பாதியை எடுத்துச் சின்சில்லா வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் செல்லமாக ஒரு சாம்பல் நிறச் சின்சில்லா (அடர்ந்த ரோமமுள்ள சிறிய கொறிக்கும் பிராணி) வளர்க்கிறேன். இனப்பெருக்கம் செய்து விற்கும் ஒருவர், 10 சின்சில்லாக்கள் கொண்ட ‘தொடக்கத் தொகுப்பு’ தருவதாகச் சொல்கிறார். ரோம நிறப்படி அதில் 2 ஜோடி பிளாக் வெல்வெட், 2 ஜோடி வெள்ளை, 1 ஜோடி வயலட். எல்லாமே கண்காட்சித் தரம் என்கிறார். பிறக்கும் குட்டிகளை 3 ஆண்டுகளுக்கு அவரே திரும்ப வாங்கிக்கொள்வாராம். சேமிப்பில் பாதியை எடுத்து, மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கினால் சமாளிக்கலாம். ஓய்வுபெற 7 ஆண்டுகள் இருக்கின்றன. இறங்கலாமா?

பதில்: சகோதரி, கடன் வாங்காதீர்கள். இந்தத் தொகுப்பும் வேண்டாம். உங்களுக்கு இந்த உயிர்மீது இருக்கும் ஆசை கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் தொகுப்பைப் பார்ப்போம்.

பிளாக் வெல்வெட் நிறத்தைத் தரும் மரபணு ஓங்கு வகை. ஒரு பிரதி இருந்தாலே நிறம் வந்துவிடும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால் கரு பிழைக்காது. வெள்ளைக்கும் அப்படித்தான். இப்போது கணக்கைப் பாருங்கள். 8 கருக்கள் உருவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வெல்வெட்டுகளைச் சேர்த்தால் சராசரியாக 2 கருக்கள் வயிற்றிலேயே அழிந்துவிடும். 4 வெல்வெட், 2 சாம்பல் குட்டிகள் பிறக்கும். ஒரு வெல்வெட்டை நல்ல சாம்பல் நிறத்தோடு சேர்த்தால் 4 வெல்வெட், 4 சாம்பல். வெல்வெட் குட்டிகள் இரண்டிலும் 4தான்! ஜோடியில் இரண்டாவது வெல்வெட்டுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஒரு குட்டிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. குட்டிகளின் மொத்த எண்ணிக்கைதான் குறையும். பொறுப்பான வளர்ப்பாளர்கள் வெல்வெட்டோடு வெல்வெட்டையும், வெள்ளையோடு வெள்ளையையும் சேர்க்காததற்கு இதுதான் காரணம். உங்களுக்கு விற்க வருபவரோ பத்தில் எட்டை அப்படித்தான் ஜோடி சேர்த்திருக்கிறார். இது தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று ஆராய வேண்டியதில்லை. இரண்டில் எதுவானாலும் அவரிடம் உங்கள் சேமிப்பைக் கொடுக்க முடியாது.

வயலட் ஜோடியின் சங்கதி வேறு. அது ஒடுங்கு மரபணு, அதாவது இரண்டு பிரதிகள் இருந்தால்தான் நிறம் தெரியும். வயலட்டோடு வயலட் சேர்ந்தால் குட்டிகள் எல்லாம் வயலட், கரு இழப்பு கிடையாது. ஆனால் உடல் அளவையும் ரோம அடர்த்தியையும் உயர்த்த வேண்டுமென்றால் நல்ல சாம்பல் நிறத்தோடு கலக்க வேண்டும். கலந்தால் முதல் தலைமுறையில் ஒரு வயலட்கூட வராது. எல்லாம் பார்வைக்குச் சாம்பல், உள்ளே மரபணுவைச் சுமக்கும் ‘கேரியர்’. அவற்றை மறுபடி வயலட்டோடு சேர்த்தால்தான் பாதி வயலட் கிடைக்கும். கேரியரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் வம்சாவளிப் பதிவுதான் ஒரே ஆதாரம். பதிவு இல்லாத கேரியருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு, விற்பவரின் வாய்ச்சொல்லுக்குக் கொடுக்கும் காசு.

அடுத்து ‘கண்காட்சித் தரம்’. சின்சில்லாவின் சாதாரண சாம்பல் ரோமத்தில் ஒவ்வொரு முடியிலும் மூன்று பட்டைகள்: அடியில் கருஞ்சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் கருமை. ஒரே துளையிலிருந்து 50-க்கும் மேற்பட்ட முடிகள் கிளம்புவதால்தான் அந்த அடர்த்தி. நடுவர்கள் இதைச் சீரான விளக்கொளியில், வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நிறத்தில் நீலச் சாயல் தெளிவாக இருக்கிறதா, மஞ்சளோ செம்மையோ கலந்திருக்கிறதா. ரோமம் ஊதினால் நிமிர்கிறதா, சாய்கிறதா. நுனிக் கருமை விலாவரை இறங்குகிறதா. வயிற்று வெள்ளை சுத்தமாகப் பிரிகிறதா. உடல் கட்டையாகத் திரண்டிருக்கிறதா. இவற்றில் புகைப்படத்தில் நம்பகமாகத் தெரிவது அநேகமாக எதுவும் இல்லை. வெல்வெட்டா வெள்ளையா என்பது மட்டும்தான் தெரியும். நிறத்துக்கு விலை கேட்பவர்கள் அதிகம் இருப்பதும் அதனால்தான். என் அனுபவத்தில், எந்த அரிய வகையும் நான்கு பேர் பெருக்க ஆரம்பித்ததும் அரிதாக இருப்பதில்லை. அடர்த்தியும் தெளிவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத்தான் வரும் என்பதால் அவற்றின் மதிப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆகவே தரமான சாம்பல் நிறம்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

சரி, காசு எப்போது திரும்பும்? சினைக்காலம் சுமார் 111 நாட்கள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 1 முதல் 3 குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. வாங்கிய ஜோடி பழகிச் சேர ஆகும் சில மாதங்கள், சினைக்காலம், அப்புறம் குட்டி முடி போய் முழு ரோமம் முற்ற 8, 9 மாதங்கள். உங்கள் முதல் குட்டி தரமானதா என்று தெரியவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். இரண்டாம் தலைமுறைக்கு இன்னொரு ஒன்றரை ஆண்டு. கடன் தவணையோ அடுத்த மாதமே தொடங்கும்.

செலவுப் பக்கத்தில் பலரும் விட்டுவிடுவது குளிரூட்டலை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் குளிருக்கு உருவான உடல் இது. 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சிரமப்படும், 30-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. வெப்பமான மாதங்களில் இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடும் வேண்டும். இரண்டு இருந்தாலும் இருபது இருந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது, குட்டி விற்காத மாதமும் நிற்காது. அடுத்தது ஆயுள். நல்ல பராமரிப்பில் 10 முதல் 20 ஆண்டுகள் வாழும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். பல்வரிசை கோணலாகும் கோளாறு பரம்பரையாக வரக்கூடும் என்பதால், அப்படிப்பட்டதையும் தன் ரோமத்தைத் தானே மெல்லுவதையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டும். விலக்கிய உயிரைத் தெருவில் விட முடியுமா? அதன் உணவும் வைத்தியமும் ஓய்வுக்குப் பிறகும் உங்கள் பொறுப்பு.

குட்டிகளைத் திரும்ப வாங்குவதாகச் சொல்கிறாரே, அவர் அவற்றை யாருக்கு விற்பார்? இதைக் கட்டாயம் கேளுங்கள். 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியாளர் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 சின்சில்லாக்களிலிருந்துதான் இன்று வளர்க்கப்படுபவற்றில் பெரும்பகுதி வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஜோடி விற்றார்கள். ஜோடியின் விலை ஏறியது ரோம ஆடைகளுக்கான தோலுக்கு இருந்த தேவையால் அல்ல, புதிதாக வளர்க்க வந்தவர்களால். 1950-களில் தோல்கள் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்த தொகை ஜோடிக்குக் கொடுத்ததன் பக்கத்தில்கூட வரவில்லை. இன்று அந்தத் தோல் சந்தையும் சுருங்குகிறது; நார்வே 2025 பிப்ரவரியிலிருந்து ரோமப் பண்ணைகளையே தடை செய்துவிட்டது. மிஞ்சுவது செல்லப் பிராணியாக வாங்குபவர்கள்தான். அவர்களுக்கு விற்கிறேன் என்று அவர் சொன்னால், கடந்த ஆண்டு விற்றதன் ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த ‘தொடக்கத் தொகுப்பு’க்கு என்றால், உங்கள் வருமானம் உங்களைப்போல் இன்னொருவர் சேமிப்பை எடுப்பதை நம்பித்தான் நிற்கிறது. அந்தப் பணத்தை நீங்கள் தொட வேண்டாம் என்பேன்.

இனி உங்கள் ஆசைக்கு. குடும்பத்தின் ஆறு மாதச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். ஓய்வுக்கால முதலீடுகளைத் தொடாதீர்கள். அதற்கு வெளியே, முழுதும் போனாலும் தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ, அதுதான் உங்கள் வரம்பு. என் கணிப்பில் அது சேமிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் பாதியைக் கூண்டு, குளிர்சாதனம், வைத்தியத்துக்கு ஒதுக்குங்கள். மீதியில் வம்சாவளிப் பதிவுள்ள, ஒன்றுக்கொன்று உறவில்லாத 3 சின்சில்லாக்கள் போதும்: இரண்டு நல்ல சாம்பல் நிறப் பெட்டைகள், ஒரு வெல்வெட் ஆண். விலையில் பெரும்பங்கை ஆணுக்குக் கொடுங்கள், ஏனென்றால் அதன் குணம் எல்லாக் குட்டிகளிலும் பாதியாக இறங்கும். வாங்கும் முன் ஒரு கண்காட்சிக்குப் போய், நடுவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். உங்கள் பகுதியில் வளர்க்கவும் விற்கவும் அனுமதி தேவையா என்று எழுத்துப்பூர்வமாக விசாரியுங்கள். காட்டுச் சின்சில்லா, அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டு வளர்ப்பு வகைக்கு விலக்கு உண்டு என்றாலும், வளர்ப்பில் பிறந்ததற்கான தாள் கையில் இருக்க வேண்டும்.

பெட்டை ஈன்ற உடனேயே மறுபடி சினைக்கு வந்துவிடும். ஆணைப் பிரித்து வைத்து அதற்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, பிறந்தவற்றில் ஒன்றாவது தாயைவிட மேலாக மதிப்பிடப்பட்டிருந்தால் நான்காவதை வாங்குவது பற்றி எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் ஆணைத் தனிக் கூண்டில் வைத்துவிட்டு, இருப்பவற்றைச் செல்லங்களாக வைத்துக்கொள்ளுங்கள்.