சுவிட்சர்லாந்தின் ஆவெர்ஸ் ஊராட்சியில் நூற்றைம்பது, இருநூறு பேர்தான். ஏன் ஒரே ஊராகச் சேர்ந்து வாழாமல் சிதறிக் கிடக்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கோடையில் அங்கே போயிருக்கிறேன். சிதறல் என்று நாம் நினைப்பது அவர்களுக்குக் கணக்கு.

கிராவுபுண்டன் மாநிலத்தின் தெற்கே, இத்தாலி எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு இது. பரப்பு 90 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கீழே காம்ப்சூட், குரோட் என்ற சிற்றூர்கள். நடுவில் தேவாலயம் உள்ள கிரெஸ்டா. கடைசியில் 2,126 மீட்டர் உயரத்தில் யூஃப். ஐரோப்பாவில் ஆண்டு முழுவதும் மக்கள் வசிக்கும் மிக உயரமான ஊர் என்று யூஃபைச் சொல்வார்கள். காக்கசஸ் மலையூர்களையும் ஐரோப்பாவில் சேர்த்தால் அந்தப் பட்டம் நிற்காது. அது தனிச் சண்டை, விடுங்கள். யூஃபில் இருப்பதே முப்பது பேர் அளவில்தான்.

இங்கே குடியேறியவர்கள் வால்சர்கள். மேற்கே வலே பகுதியிலிருந்து இடைக்காலத்தில் மலை மலையாக நகர்ந்து வந்த, ஜெர்மன் பேசும் உழவர்கள். யாரும் விரும்பாத உயர்ந்த நிலத்தைத் திருத்தினால் பரம்பரைக் குத்தகையும் தனி உரிமைகளும் தருவதாக அன்றைய பிரபுக்கள் அவர்களை வரவேற்றார்கள். அந்த உயரத்தில் தானியம் விளையாது. மாடும் ஆடும்தான் பிழைப்பு. குறுகிய கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்துச் சேர்த்தால்தான் நீண்ட பனிக்காலத்தைத் தாண்ட முடியும். அந்தச் சுமையை வெகுதூரம் தூக்க முடியுமா? அதனால் அவரவர் புல்வெளிக்கு நடுவிலேயே வீடும் தொழுவமும். பனிச்சரிவு வராத இடமாகவும் பார்க்க வேண்டும், அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் விறகு. கிரெஸ்டாவைத் தாண்டினால் மரமே கிடையாது. அதனால் தொழுவத்தில் ஆடுகள் மிதித்து இறுகிய சாணத்தைக் கட்டியாக வெட்டி, காயவைத்து எரித்தார்கள். நம் வறட்டிதான், தட்டாமல் வெட்டியது!

சரி, இன்றைக்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? மலைவாசிகளின் மன உறுதி என்று கதை எழுதுவார்கள், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். செங்குத்தான சரிவில் புல் அறுக்கும் விவசாயிக்கு அரசு நேரடியாக மானியம் தருகிறது. பனியை அகற்றிச் சாலையைத் திறந்து வைக்கிறார்கள். அஞ்சல் துறையின் மஞ்சள் பேருந்து முப்பது பேருக்காகவும் யூஃப் வரை வருகிறது. இந்த மூன்றில் ஒன்று நின்றாலும் இளையவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். அப்புறம் சுற்றுலா: கோடையில் நடப்பவர்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள்.

போவதாக இருந்தால் கீழே ஆண்டேர் என்ற ஊரில் பேருந்து ஏறுங்கள். நன்றாக நடப்பவர் என்றால் அதே வழியில் திரும்ப வேண்டாம். யூஃபிலிருந்து ஸ்டாலர்பெர்க் கணவாயைத் தாண்டினால் பிவியோ என்ற ஊர், அங்கிருந்தும் பேருந்து உண்டு. ஜூலைக்கு முன் போகாதீர்கள், கணவாயில் பனி கிடக்கும்.