வகுப்புக்கு டேப்லெட் வந்துவிட்டது, எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 40 பிள்ளைகளுக்கு 20 டேப்லெட் வாங்கியிருக்கிறார்கள். எல்லாப் பாடவேளையிலும் பயன்படுத்தச் சொல்கிறது நிர்வாகம். இதனால் உண்மையிலேயே படிப்பு முன்னேறுமா? எப்படி ஆரம்பிக்கலாம்?

பதில்: கருவி கைக்கு வந்ததனால் மட்டும் படிப்பு முன்னேறாது. பெரு நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்து, 15 மாதம் கழித்துச் சோதித்தார்கள். கணினிப் பயன்பாடு பெருகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. ஆனால் டெல்லியில் நடந்த இன்னொரு ஆய்வில், ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே கேள்வி கேட்கும் மென்பொருளைக் கொடுத்து, கூடவே சிறு குழுவாகவும் சொல்லிக்கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் நன்றாகவே முன்னேறின. ஆகவே எந்த வேலைக்கு டேப்லெட்டை எடுக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் சொல்லும் முதல் வேலை, மதிப்பெண் இல்லாத குட்டித் தேர்வு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவுபடுத்தியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். இந்தப் பழக்கத்துக்குக் காகிதமே போதும். ஆனால் முழு வகுப்பின் விடையையும் அந்த நிமிடமே உங்கள் கண்முன் காட்ட காகிதத்தால் முடியாது.

பாடவேளையின் தொடக்கத்தில் நாலைந்து கேள்வி போதும். ஒன்றிரண்டு போன மாதப் பாடத்திலிருந்து வரட்டும். தவறான விடைகளை ஏனோதானோவென்று வைக்காதீர்கள், பிள்ளைகள் நிஜமாகவே நம்பும் தவறுகளாக இருக்க வேண்டும். 'நிலா ஏன் தேய்கிறது?' என்றால் 'பூமியின் நிழல் விழுவதால்' என்பது கட்டாயம் இருக்கட்டும். பாதி வகுப்பு அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். நிலா சுற்றுவதைப் பல கோணத்தில் திருப்பிப் பார்க்கும் அசைவுப்படம் உதவும் நேரம் அதுதான். கரும்பலகையில் அதை வரைந்து புரியவைப்பது சிரமம். பார்த்த பிறகு அதே கேள்வியை வேறு மாதிரி கேளுங்கள்.

இருவருக்கு ஒரு டேப்லெட் என்பதால் வேகமான பிள்ளை அழுத்த, மற்றது வேடிக்கை பார்க்கும். அதனால் முதலில் தனித்தனியாக நோட்டில் விடை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பேசிப் பார்த்து அழுத்தட்டும். யார் முதலிடம் என்ற பட்டியலைத் திரையில் போடவே வேண்டாம். தயங்கும் பிள்ளை அன்றோடு ஊகித்து அழுத்தத் தொடங்கிவிடும், அதன் பிறகு உங்களுக்குக் கிடைக்கும் விடைக்கு அர்த்தமே இல்லை.

வேலை முடிந்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையில் வேறு எதையோ பார்த்தால்கூட நம் கவனம் சிதறும் என்று 2013இல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. நீளமான பாடப்பகுதியைப் புத்தகத்திலேயே படிக்கட்டும். தகவல் நிறைந்த உரையைக் காகிதத்தில் படித்தால் சற்றுக் கூடுதலாகப் புரிகிறது.

நிர்வாகத்திடம் இப்போதைக்கு வாரம் இரண்டு பாடவேளை கேளுங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய கேள்விகளையே மறுபடி கொடுத்து, எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற கணக்கை அவர்களிடம் காட்டுங்கள். கூட்டுவதா குறைப்பதா என்பதை அதை வைத்துப் பேசலாம்.