கொலுசுக் கடை சர்வருக்கு ரா டிஸ்க் தேவையா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம், பில் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. மாலையில் ரிப்போர்ட் எடுத்தால் பில்லிங் நின்றே போகிறது. “ஃபைல் சிஸ்டம்தான் இழுக்கிறது, தனி டிஸ்க் வாங்கி ரா டிஸ்க்காகப் போடலாம், பேங்க்கில் எல்லாம் அப்படித்தான்” என்கிறார் சாஃப்ட்வேர்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது ஃபைல் சிஸ்டத்தின் வேலை. அதை விட்டுவிட்டு டேட்டாபேஸ் நேராக டிஸ்க்கில் எழுதினால் அது ரா டிஸ்க். ஒரு காலத்தில் இதில் நல்ல வேகம் கிடைத்தது. ஒரே டேட்டா ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மெமரியிலும் டேட்டாபேஸின் மெமரியிலும் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கும், அது மிச்சமாகும். இன்று ஃபைல் சிஸ்டத்தில் இருந்தபடியே ‘ஓ டைரக்ட்’ என்ற செட்டிங்கில் அந்த இரட்டை வேலையைத் தவிர்க்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ரா டிஸ்க்கை ஏற்பதே இல்லை. ஆரக்கிள் டேட்டாபேஸ் தன் 12சி பதிப்பிலேயே கைவிட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2021-ல், 5.14 பதிப்பில், ‘ரா’ டிரைவரையே நீக்கிவிட்டது. ஆனாலும் பழைய டெண்டர் படிவத்தைக் காப்பியடித்து ‘ரா டிஸ்க் அவசியம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். கையெழுத்துப் போடுகிறவர் படித்தாவது பார்க்க வேண்டாமா?

மைஎஸ்கியூஎல்லில் ரா டிஸ்க்குக்கு இடம் உண்டு, ஆபத்தும் அங்கேதான். முதலில் செட்டிங் ஃபைலில் ‘நியூரா’ என்று எழுதி டிஸ்க்கைத் தயார் செய்து, சர்வரை நிறுத்தி, ‘ரா’ என்று மாற்ற வேண்டும். மாற்றும் முன் டேபிள்களை ஏற்றக் கூடாது; ‘நியூரா’ என்றே இருந்தால் அடுத்த முறை சர்வர் எழும்போது டிஸ்க்கை முதலிலிருந்து தயார் செய்யும், அதில் இருந்தது போய்விடும். இன்னொன்று: நாளைக்கு வரும் வேறொரு சர்வீஸ் பையனுக்கு அது காலி டிஸ்க்காகத்தான் தெரியும். ஃபார்மட் அடித்துவிடுவான். ஃபோல்டரைக் காப்பி எடுக்கும் வழக்கமான பேக்கப்பிலும் அது வராது.

பேங்க் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லித்தான் எல்லோரையும் மடக்குகிறார்கள். இரண்டு மூன்று சர்வர்கள் ஒரே ஸ்டோரேஜில் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய இடங்கள் உண்டு. சாதாரண ஃபைல் சிஸ்டத்தை இரண்டு மெஷின்களில் ஒரே சமயத்தில் இணைத்து (மவுன்ட் செய்து) எழுதினால் டேட்டா கெட்டுப்போகும். அதற்காக ஆரக்கிள் ‘ஏ.எஸ்.எம்.’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. டிஸ்க்குகளை அதுவே நேராக ஆளும், ஆனால் எது எங்கே என்ற கணக்கை அதுவும் வைத்திருக்கும். அதாவது, அங்கேயும் கணக்கில்லாத மொட்டை டிஸ்க் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்குத் தனி ஆள் வேறு. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

மெதுவாவதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். ‘இன்னோடிபி பஃபர் பூல் சைஸ்’, அதாவது மைஎஸ்கியூஎல் டேட்டாவை வைத்துக்கொள்ளும் மெமரி, எவ்வளவு என்று கேளுங்கள். யாரும் தொடாவிட்டால் அது 128 எம்.பி.தான். 16 ஜி.பி. மெமரி உள்ள சர்வரிலும் டேட்டாபேஸ் அந்தக் கொஞ்சத்துக்குள்தான் திணறும். 8 ஜி.பி. ஆக்கச் சொல்லுங்கள், காசு செலவில்லை. பிறகு மெதுவான தேடல்களைக் குறித்து வைக்கும் ‘ஸ்லோ க்வெரி லாக்’கைப் போட்டால் எந்த ரிப்போர்ட் இழுக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒரு இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) போட்டாலே சரியாகும்.

வேகம் காட்டுவதற்காகச் சிலர் உங்களிடம் சொல்லாமல் ‘ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்‌ஷன் கமிட்’ என்ற செட்டிங்கை 1-லிருந்து (ஒவ்வொரு பில்லையும் உடனே டிஸ்க்கில் எழுதுவது) 2 ஆக்கிவிடுவார்கள். பில்லிங் பறக்கும். ஆனால் கரன்ட் போனால் கடைசி ஒரு வினாடியில் போட்ட பில்கள் காணாமல் போகலாம். பில் வாடிக்கையாளர் கையில், கணக்கு சர்வரில் இல்லை. வெள்ளி வியாபாரத்தில் இது எத்தனை பெரிய வம்பு! 1 ஆகவே இருக்கட்டும். சர்வருக்கு யூ.பி.எஸ். கட்டாயம்.

சாஃப்ட்வேர்காரரின் ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். சர்வரில் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். அது தன்னிடம் மட்டும் இருக்கட்டும் என்பவரை நம்பாதீர்கள். நேற்றைய பேக்கப்பை உங்கள் கண் முன்னால் வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டச் சொல்லி, நேற்றைய கடைசி பில் நம்பர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.