கடைசிப் படி 12,906-ல் நிற்கவில்லையா?

ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: இரண்டு தங்கக் கம்பிகளைத் தொடவிட்டு மெல்லப் பிரிக்கும்போது ஆஸிலாஸ்கோப்பில் மின்னோட்டம் படிப்படியாக இறங்குகிறது, ஆனால் ஓர் அணு மட்டும் மிஞ்சும் கடைசிப் படியில் மின்தடை 12,906 ஓம் (எலக்ட்ரான் போக ஒரே ஒரு பாதை திறந்திருந்தால் வரவேண்டிய தடை) வராமல் 13,900 பக்கம் வருகிறது, தங்கம் போலியா?

தங்கம் நல்ல தங்கம்தான். உங்கள் சர்க்யூட்டில் வேறெங்கோ ஒரு 1,000 ஓம் உட்கார்ந்திருக்கிறது, அநேகமாகப் பாதுகாப்புக்கென்று நீங்களே போட்ட ரெசிஸ்டர். கம்பிகளை நன்றாக அழுத்திப் பிடித்து அளந்து பாருங்கள். அப்போதும் மிஞ்சுகிற ஓம் எவ்வளவோ, அதை எல்லாப் படிகளிலும் கழித்துவிடுங்கள். சரி, வேலை முடிந்தது.

நீளம் கூடினால் தடை கூடும் என்ற ஒரே சூத்திரத்தை வருஷக்கணக்காக மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அது எங்கே செல்லாது என்று ஒரு வரி சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. தங்கத்துக்குள் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் சுமார் 40 நானோமீட்டர் ஓடும், அணுவின் அகலமோ கால் நானோமீட்டர்தான், பிறகு எதில் மோத? தடை முழுக்க வாசலில் இருக்கிறது, அகலமான உலோகத்திலிருந்து ஒற்றைச் சந்துக்குள் நுழையும் இடத்தில். அதனால்தான் நாலைந்து தங்க அணுக்கள் சங்கிலியாக நீண்டாலும் கிட்டத்தட்ட அதே 12,906 ஓம் வருகிறது. 1998-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

பிளாட்டினம் வேறு கதை, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதில் ஓர் அணு வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் திறந்திருக்கும். தங்கத்தின் கடைசிப் படியில் மின்கடத்தலை (தடையின் தலைகீழ்) 1 என்று வைத்தால், சுத்தமான பிளாட்டினம் ஏறத்தாழ ஒன்றரையில் நிற்கும். இடையில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு புகுந்துகொண்டால் 1-க்கு இறங்கிவிடும், 2002-ல் தெரியவந்த விஷயம் இது. ஆக, பிளாட்டினத்தில் அழகாக 1 வந்தால் கைதட்டாதீர்கள், கலப்படமா என்று பாருங்கள்.

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு டேட்டாவைச் 'சுத்தம்' செய்து தருகிறவர்கள். கம்பியைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆஸிலாஸ்கோப் வரைகிற கோடு ஆயிரம் இருந்தால், அதில் பளிச்சென்று படி தெரிகிற ஐம்பதைப் பொறுக்கி ஹிஸ்டோகிராம் (எந்த மின்கடத்தல் மதிப்பு எத்தனை தடவை வந்தது என்ற வரைபடம்) போடுவார்கள், முகடுகள் 1, 2, 3 என்று ஊசிமுனைபோல வரும். உண்மையான தங்கத்தில் இரண்டாவது முகடு 2-க்குக் கொஞ்சம் கீழேயே கலைந்துதான் கிடக்கும். மதிப்பீட்டுக் குழுவுக்கும் ஊசிமுனைதான் பிடிக்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல். எல்லாக் கோடுகளையும் போடுங்கள்.

ஒன்று மட்டும், அந்த 1,000 ஓமைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கம்பிகள் ஒட்டியிருக்கும்போது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றுவது அதுதான்.