டாக்டர் இருக்கும்போது பிரசவத்துக்கு மிட்வைஃப் நர்ஸ் எதற்கு?

தாராவியிலிருந்து, முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார். மும்பையில் பிரசவ வார்டில் மிட்வைஃபாக, அதாவது பிரசவம் பார்க்கும் நர்ஸாக வேலை பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன்.

முதல் பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும், முழுதாக 10 செ.மீ. ஆக 12 மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரமும் டாக்டரால் ஒரே கட்டிலருகே நிற்க முடியாது. நாங்கள் நிற்போம். குழந்தையின் இதயத்துடிப்பை அரைமணிக்கு ஒருமுறையாவது கேட்போம். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஏதாவது சரியில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இந்தி, மராத்தி எதுவும் தெரியாமல் வாய் திறக்காமலே கிடந்தாள். "எந்த ஊரும்மா?" என்று கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தவள், குழந்தை பிறக்கும்வரை விடவில்லை.

பிறந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேல்தான். என் கை தாயின் அடிவயிற்றில் இருக்கும். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்ட பிறகு அது கெட்டிப்பட்டால் நிம்மதி. தொளதொளவென்று இருந்தால் ரத்தம் கொட்டும், நிமிடங்கள்கூட முக்கியம். பிரசவத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அப்புறம் பால் கொடுப்பது, கருத்தடைக்குக் காப்பர் டி, எல்லாவற்றுக்கும் தாய்மார்கள் எங்களிடமே வருவார்கள். சில வருடம் கழித்து, தன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டதென்று அந்தத் திருநெல்வேலிப் பெண் அழைத்து வந்தாள். அந்த அம்மா பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.