கேம் ஆஃப் த்ரோன்ஸ்: கோபம் ஆறாதவர்களுக்கான கேள்வி பதில்

ஹெச்பிஓ தொலைக்காட்சித் தொடர் 2019 மே மாதம் முடிந்தது. ரசிகர்களின் சண்டை இன்னும் முடியவில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்து நாவல்களையும், எட்டு சீசன்களையும் திரும்பத் திரும்பப் புரட்டியவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. யார் செத்தார்கள், யார் அரியணை ஏறினார்கள் என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பேன். பார்க்காதவர்கள் இப்போதே நழுவிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, ரெட் வெட்டிங் எபிசோடு ஓடும்போது பக்கத்தில் இருந்த நண்பன் என்னைத் திருட்டுத்தனமாக வீடியோ எடுத்தான். அவன் நாவல் படித்தவன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன சுகம்? 2013 ஜூனில் உலகம் முழுக்க இதே வேலைதான் நடந்தது. நாவல் படித்தவர்கள் போனை மறைத்து வைத்துக்கொண்டு, படிக்காதவர்களின் முகத்தைப் படம் பிடித்தார்கள். அந்த வீடியோக்களைத் தொகுத்துப் போட்டதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

இதற்குப் பின்னால் பல வருடக் காத்திருப்பு இருக்கிறது. ராப் ஸ்டார்க்கும் அவன் அம்மா கேட்லினும் சாகும் அந்தக் கல்யாண விருந்துப் படுகொலை வரும் மூன்றாவது நாவல் 2000இல் வெளிவந்தது. படித்தவர்கள் அன்றைக்கே அழுது முடித்துவிட்டார்கள். முதல் நாவல் 1996இல் வந்தது, தொடர் தொடங்கியது 2011 ஏப்ரலில். போஸ்டரில் இரும்பு அரியணையில் உட்கார்ந்திருந்தவர் நெட் ஸ்டார்க்காக நடித்த ஷான் பீன். படிக்காதவர்கள் அவர்தான் ஹீரோ என்று நம்பி உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது எபிசோடில் அவர் தலை போனது. படித்தவர்கள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. ரசிகர்களுக்குள் இப்படி ஒரு எழுதாத ஒப்பந்தம் இருந்தது, பெரும்பாலானோர் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள்.

காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்காரர்கள் எதிரிகளான லானிஸ்டர்களின் பாட்டை வாசிக்கத் தொடங்குகிறார்கள். கேட்லின் பக்கத்தில் இருக்கும் ரூஸ் போல்டனின் சட்டைக் கையை மெல்லத் தூக்கிப் பார்க்கிறாள். உள்ளே இரும்புக் கவசம். விருந்துக்கு வந்தவன் கவசம் எதற்குப் போட வேண்டும்? அந்த ஒரு நொடியில் அவளுக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது. நாவலில் கவசம் தெரிவது வேறொருவரின் கையில், விருந்து கொடுத்த ஃப்ரே வீட்டுப் பையன் ஒருவன். ஆனால் இரண்டிலும் நாம் அவள் கண்ணால்தான் பார்க்கிறோம். நாவலில் ராப் ஸ்டார்க்குக்கு ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அவன் கதை முழுவதும் அம்மா வழியாகத்தான் வருகிறது. மார்ட்டின் அந்த அத்தியாயத்தை எழுத மனமில்லாமல் தள்ளிவைத்து, புத்தகத்தின் மற்ற பகுதிகளை எல்லாம் முடித்த பிறகுதான் எழுதினார். எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது இசையே கிடையாது.

நண்பனை மன்னித்துவிடுங்கள். ஐந்தாவது சீசனுக்குப் பிறகு தொடர் நாவலைத் தாண்டிப் போனது. அவனும் நம்மைப் போலவே வாயைப் பிளந்தான்.

கேள்வி: தொடர் பார்த்துவிட்டேன். நாவலை எங்கிருந்து தொடங்க வேண்டும்? நான்காவதிலிருந்து போதுமா?

முதல் நாவல், முதல் பக்கம். அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை: "இந்தப் பெயர் யார்?" என்று பார்க்க ரசிகர்கள் நடத்தும் விக்கியைத் திறக்காதீர்கள். முதல் வரியிலேயே அவர் எப்படிச் செத்தார் என்று இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் குடும்பப் பட்டியல் இருக்கிறது, அது போதும்.

கேள்வி: ஆறாவது நாவலான வின்ட்ஸ் ஆஃப் வின்டர் எப்போது வரும்?

மார்ட்டின் சொல்லும்போது.

கேள்வி: லேடி ஸ்டோன்ஹார்ட்டை ஏன் கொண்டுவரவில்லை? நான்காவது சீசன் கடைசி எபிசோடை அதற்காகவே விடிய விடியக் காத்திருந்து பார்த்தேன்.

நீங்கள் மட்டுமா? தெரியாதவர்களுக்கு: மூன்றாவது நாவலின் பின்னுரையில் செத்துப்போன கேட்லின் திரும்பி வருகிறாள். கழுத்து அறுபட்டதால் பேச்சு வராது, கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டுதான் பேச முடியும். கையில் சிக்கும் ஃப்ரேக்களை எல்லாம் தூக்கில் போடுகிறாள். 2014இல் அந்த எபிசோடு முடிந்ததும் நாவல் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவளைக் கதையிலிருந்து நீக்கியிருக்கக் கூடாது என்று மார்ட்டினே பலமுறை சொல்லியிருக்கிறார்.

என் கட்சியும் அதுதான். இந்தக் கதையில் செத்தவர்கள் திரும்பி வந்தால் முழுதாக வருவதில்லை, ஏதோ ஒன்றை இழந்துதான் வருகிறார்கள். ஸ்டோன்ஹார்ட் அதற்குச் சாட்சி. அவள் இல்லாத தொடரில் ஜான் ஸ்னோ செத்துப் பிழைத்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

கேள்வி: எட்டாவது சீசனில் காபி டம்ளர் தெரிந்ததே, அது உண்மையா?

உண்மை. நான்காவது எபிசோடில், விண்டர்ஃபெல் விருந்துக் காட்சியில். பிறகு ஹெச்பிஓ அதை அழித்துவிட்டது. அடுத்த கேள்வி.

கேள்வி: 'லாங் நைட்' எபிசோடில் ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

விளக்கை அணைத்து, ஜன்னலை மூடிவிட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பார்ப்பவர்களின் டிவி அமைப்பைக் குறை சொன்னார். பார்த்தவர்கள் அவரைக் குறை சொன்னார்கள். டிவி ரிப்பேர் சந்தேகங்களுக்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: மேடம், சான்சா ஸ்டார்க்கை ரூஸ் போல்டனின் மகன் ராம்சேவுக்குக் கட்டிவைக்கும் காட்சிக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு? அதைவிட மோசமானவை தொடரில் இருந்ததே.

இருந்தது. ஆனால் இது நாவலில் சான்சாவுக்கு நடக்காத ஒன்று. அங்கே ராம்சேவுக்குக் கட்டிவைக்கப்படுவது ஜெய்ன் பூல் என்ற பெண், சான்சாவின் தங்கை ஆர்யா என்று பொய் சொல்லி. சான்சா அந்த நேரத்தில் வேல் பகுதியில் லிட்டில்ஃபிங்கரிடம் அரசியல் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான்கு சீசன்களாக அடி வாங்கியவள் இனி அடிக்கக் கற்றுக்கொள்வாள் என்று எல்லோரும் காத்திருந்த இடத்தில் அவளைத் திரும்பவும் ஒருவன் கையில் கொடுத்தார்கள். போதாததற்கு அந்தக் காட்சி, அதைப் பார்க்க வைக்கப்பட்ட தியானின் முகத்தில் போய் முடிந்தது. வலி அவளுடையது, கேமரா அவன் மேல். 2015இல் அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்கஸ்கில், இனி இந்தத் தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பலர் அந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கேள்வி: எல்லோரும் புலம்புகிறார்கள், ஆனால் டிராகன்களின் ராணி டெனேரிஸ் பைத்தியமானது முதல் சீசனிலிருந்தே தெரிந்த விஷயம்தானே? மெரீன் நகரில் 163 பேரைச் சிலுவையில் அறைந்தவள் அவள்.

வந்துவிட்டீர்களா! இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

163 என்ற எண்ணைச் சொன்னவர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. மெரீன் போகும் வழியில் மைலுக்கு ஒன்றாக 163 அடிமைக் குழந்தைகளை அந்த ஊர் எஜமானர்கள் அறைந்து வைத்திருந்தார்கள். அவள் எண்ணி, அத்தனை எஜமானர்களை அறைந்தாள். கொடூரம்தான், ஆனால் கணக்கு வைத்த கொடூரம். தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கில் அவள் எரித்தது சரணடைந்த நகரத்தை, தெருவில் ஓடிய அம்மாக்களையும் பிள்ளைகளையும். இது வேறு, அது வேறு.

நான்காவது சீசன் முடிவில் ஓர் ஆடு மேய்ப்பவர் துணி மூட்டையோடு வருகிறாரே, நினைவிருக்கிறதா? பிரித்தால் கரிந்த எலும்புகள். அவருடைய மூன்று வயது மகள். டிராகன் எரித்துவிட்டது. அன்றைக்கே டெனேரிஸ் கையில் சிக்கிய இரண்டு டிராகன்களையும் தானே கூட்டிப்போய், அழுதுகொண்டே சங்கிலியில் பூட்டினாள். ஒரு குழந்தைக்காக அதைச் செய்தவள் பல்லாயிரம் குழந்தைகளை எரிக்கும் இடத்துக்கு எப்படி வந்தாள்? அந்தப் பாதையைக் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. அவள் எரிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

அதே நண்பர்: பாதை காட்டினார்களே! டார்லி அப்பா–மகனை எரித்தாள், டிராகன் செத்தது, தோழி மிசாண்டே தலை போனது.

டார்லிகள் மண்டியிட மறுத்த போர்க்கைதிகள். நெட் ஸ்டார்க்கும்தான் முதல் எபிசோடிலேயே ஒருவன் தலையை வெட்டினார். மற்றவை எங்கே நடக்கின்றன? ரேகால் என்ற டிராகனும் மிசாண்டேயும் ஒரே எபிசோடில் போகிறார்கள், அடுத்த எபிசோடில் ஊர் எரிகிறது. முதல் ஆறு சீசன்களுக்குத் தலா பத்து எபிசோடுகள். கடைசி இரண்டுக்கும் சேர்த்தே பதின்மூன்று. ரேகால் செத்ததற்குத் தயாரிப்பாளர் டேவிட் பெனியாஃப் கொடுத்த விளக்கம்: எதிரி யூரானின் கப்பற்படை இருப்பதை டெனேரிஸ் மறந்துவிட்டாளாம். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

அந்த மணிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது, ஊர் சரணடைகிறது. டிராகன் மேல் அவள் முகம் நடுங்குகிறது. எமிலியா கிளார்க் அங்கே தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்திருக்கிறார். அதன்பின் அந்த எபிசோடு முடியும்வரை அவள் முகத்தை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. எட்டு வருடம் கூடவே வந்த ஒருத்தி உலகத்திலேயே பெரிய பாவத்தைச் செய்யும்போது நம்மைக் கீழே தெருவில் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

நாவல் இங்கேதான் வேறுபடுகிறது. அங்கே அவள் தலைக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஐந்தாவது நாவலில் எரிந்த குழந்தையின் பெயர் ஹசியா. முதலில் அந்தப் பெயர் அவளைத் தூங்கவிடுவதில்லை. அவளுடைய கடைசி அத்தியாயத்தில், புல்வெளியில் காய்ச்சலோடு கிடக்கும்போது, அந்தக் குழந்தையின் பெயர் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அது அவளுக்கு வருத்தம், ஆனால் அழக்கூடக் கண்ணீர் இல்லை, அவ்வளவுதான். பாதை என்று நான் கேட்டது இதைத்தான்.

வேறொரு தோழி: நீங்கள் இருவரும் சுற்றி வளைக்கிறீர்கள். அதிகாரம் கிடைத்த பெண் பைத்தியமாவாள் என்று காட்டினார்கள், அதுதான் பிரச்சினை. அரியணைக்காகப் பெற்ற மகளையே எரித்த ஸ்டானிஸை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லையே.

ஸ்டானிஸ் வாதம் வலுவானது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கடைசி எபிசோடில் சான்சா வடக்கின் ராணியாக முடிசூடுகிறாள், யாரும் அவளைப் பைத்தியம் ஆக்கவில்லை. என் கண்ணில் இது அவசரத்தின் கோளாறு. அந்த அவசரத்தில் ஒரு பெண்ணின் அழிவுக்குக் கிடைத்த சுலபமான காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், அதில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் மட்டும் 560 பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டமான கலீசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெற்றோர்களின் கோபத்தையும் கணக்கில் சேருங்கள்.

அதே முதல் நண்பர்: அப்படியென்றால் ஸ்டானிஸும்...

போதும், தம்பி. மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: வின்ட்ஸ் ஆஃப் வின்டர் எப்போது வெளியீடு?

மேலே பார்க்கவும்.

கேள்வி: எட்டாவது சீசனைத் திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது பலன் இருந்ததா?

18 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. பலன் ஒன்றுமில்லை. அதே வருடம் அந்த சீசனுக்குச் சிறந்த நாடகத் தொடர் எம்மி விருது கிடைத்தது. கடைசி எபிசோடை அன்றிரவே அமெரிக்காவில் பார்த்தவர்கள் 1 கோடியே 93 லட்சம் பேர். திட்டிக்கொண்டே பார்த்தவர்களையும் சேர்த்துத்தான்.

கேள்வி: பிரான் ராஜா ஆனது மார்ட்டின் சொன்னதா, இவர்கள் இட்டுக்கட்டியதா?

மார்ட்டினிடமிருந்து வந்தது என்று பிரானாக நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டெட் ரைட்டே சொல்லியிருக்கிறார். பெரிய திருப்பங்களை மார்ட்டின் முன்கூட்டியே தயாரிப்பாளர்களிடம் சொல்லியிருந்தார். ஹோடோர் விஷயமும் அப்படி வந்ததுதான். ஆனால் ஐந்தாவது சீசன் முழுக்கப் பிரான் திரையில் வரவே இல்லை. ஆளையே காணாமல் இருந்துவிட்டு, பிரானைவிட நல்ல கதை யாருக்கு உண்டு என்று டிரியன் கேட்டால், பார்ப்பவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்?

கேள்வி: முன்கதைத் தொடரான ஹவுஸ் ஆஃப் தி டிராகன் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நாவலை அப்படியே எடுத்திருக்கிறார்களா?

விக்கியைத் திறக்கவில்லை அல்லவா? நல்லது. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை முடித்துவிட்டு இந்தப் பதிலைப் படியுங்கள்.

அதற்கு மூலமான மார்ட்டினின் 'ஃபயர் அண்ட் பிளட்' நாவலே இல்லை, ஒருவரோடு ஒருவர் முரண்படும் பழைய வரலாற்றாசிரியர்களை வைத்து எழுதிய அரச வரலாறு போன்றது. அதனால் மாற்ற நிறைய இடம் உண்டு. ஆனால் கொலையாளிகள் ராணி ஹெலேனாவின் அறைக்குள் நுழையும் இடத்தில், புத்தகத்தில் அவளுக்கு இரண்டு மகன்கள். எந்த மகன் சாக வேண்டும் என்று அவளையே சொல்லவைக்கிறார்கள். அவள் சின்னவன் மேலோரைச் சொல்ல, அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். சின்னவனுக்கும் அது காதில் விழுகிறது. தொடரில் மேலோரே கிடையாது. இரட்டைக் குழந்தைகளில் எது ஆண் என்று காட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 2024 செப்டம்பரில் இதைப் பற்றி மார்ட்டினே தன் வலைப்பூவில் நீளமாகக் குறைபட்டு எழுதினார், பிறகு அது நீக்கப்பட்டது. இத்தனை வருடம் நாவல் ரசிகர்கள் எழுதிய அதே ரகப் பதிவு, ஒரு சின்னப் பையனை வெட்டினால் பின்னால் என்னென்ன கெடும் என்று வரிசையாக. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கேள்வி: அண்ணன் தங்கையாக வளர்ந்த ஜானும் ஆர்யாவும் காதலிப்பார்கள் என்று மார்ட்டின் கடிதம் எழுதியது நிஜமா?

நிஜம். 1993இல் தன் ஏஜென்டுக்கு எழுதியது, 2015இல் வெளியே வந்தது. அதில் மொத்தமே மூன்று நாவல்கள்தான். ஜேமி தடையாக இருப்பவர்களை எல்லாம் கொன்று அரியணை ஏறுகிறான். எழுத எழுத எல்லாம் மாறிவிட்டது. ஆகவே அந்தக் கடிதத்தைக் காட்டி அடுத்த நாவலுக்கு ஜோசியம் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஸ்டானிஸ் நண்பர் மறுபடி கை தூக்குகிறார். அவருக்கு மட்டும் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம்.