டிரம்ஸ் வாத்தியார் ஆலன் டாசன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, ஜாஸ் டிரம்மர் டோனி வில்லியம்ஸின் குரு என்று ஆலன் டாசன் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. யார் இவர்?

பதில்: பென்சில்வேனியாவில் 1929இல் பிறந்து, பாஸ்டனின் ராக்ஸ்பரியில் வளர்ந்தவர். ராணுவ நடன இசைக்குழுவில் வாசித்துவிட்டு, 1953இல் ஜாஸ் குழுத் தலைவர் லயனல் ஹாம்ப்டனோடு ஐரோப்பா போய் வந்தார். 1957 முதல் 1975 வரை பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் வாத்தியார். டோனி சின்னப் பையனாகவே இவரிடம் வந்துவிட்டார்; 17 வயதில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தார். டெர்ரி லின் கேரிங்டன், வின்னி கோலையூட்டா, ஸ்டீவ் ஸ்மித் என்ற பெரிய டிரம்மர்கள் எல்லோரும் இவரிடம் படித்தவர்கள்தான்.

கேள்வி: மேடையில் எடுபடாதவர்கள்தானே சார் பாடம் எடுக்கப் போவார்கள்?

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பாஸ்டன் பக்கத்தில் ‘லென்னீஸ் ஆன் த டர்ன்பைக்’ என்று ஒரு கிளப். 1963 முதல் 1970 வரை அங்கே நிரந்தர டிரம்மர் இவர்தான். வாராவாரம் எந்தக் கலைஞர் வந்தாலும் அவர்கள் பாணிக்கு வாசித்தாக வேண்டும். 1968இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக், சாக்ஸபோன் கலைஞர் ஜெர்ரி மல்லிகனைச் சேர்த்துப் புதுக் குழு அமைத்தபோது டிரம்ஸுக்குக் கூப்பிட்டதும் இவரைத்தான். அதற்கு முன் புரூபெக்கிடம் வாசித்தவர் புகழ்பெற்ற டிரம்மர் ஜோ மொரெல்லோ! டாசன் வைப்ரஃபோனும் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசிப்பார்.

கேள்வி: டாசனின் ‘ருடிமென்டல் ரிச்சுவல்’ பயிற்சி என்கிறார்களே, எப்படி வாசிப்பது? கை வலிக்கிறது.

பதில்: கால் இரண்டும் சம்பா (பிரேசில் நடன) தாளத்தில் ஓடிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு ருடிமென்ட்டையும் (டிரம்ஸின் அடிப்படைக் கைப்பாடம்) நான்கு பார் (தாளச் சுற்று) வாசித்து, நிறுத்தாமல் அடுத்ததுக்குப் போக வேண்டும். குச்சிக்குப் பதில் பிரஷ் (கம்பி இழைத் தூரிகை) எடுங்கள். பிரஷ் துள்ளாது, மணிக்கட்டுதான் வேலை செய்யும். சோம்பல் உடனே தெரிந்துவிடும். வலிக்கிறதென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். முதலில் அதைக் குறையுங்கள்.

கேள்வி: டெட் ரீடின் ‘சின்கோபேஷன்’ என்ற டிரம்ஸ் பாடப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் வெறும் ஒற்றைத் தாள வரிதானே இருக்கிறது?

பதில்: டாசனுக்கு அந்த ஒற்றை வரி போதும். வலது கை ரைடு சிம்பலில் (தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய தட்டு), காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் ஒவ்வொரு பாரின் 2, 4ஆம் அடிகளில். புத்தக வரியை இடது கை ஸ்னேர் டிரம்மில் (முன்னால் இருக்கும் சிறிய டிரம்) வாசிக்கட்டும். அது வந்ததும், குறுகிய சுரம் ஸ்னேருக்கு, நீண்டது காலால் மிதிக்கும் பேஸ் டிரம்முக்கு. பிறகு வலது கை வரியை வாசிக்க, மிச்சமுள்ள டிரிப்லெட் (ஒரு அடியை மூன்றாகப் பிரித்த) இடைவெளிகளை இடது கை நிரப்பட்டும். ஒரே பக்கத்தில் ஆறு மாதம் ஓடிவிடும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கை வாசிக்கும்போது வாய் ஒரு பாட்டின் மெட்டைப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சோலோவில் (தனி வாசிப்பில்) பாட்டின் 32 பார் எங்கே முடிகிறது என்று விரல்விட்டு எண்ண வேண்டாம், மெட்டே சொல்லும். என் மாணவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டு முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தால் எனக்கு எப்படிக் கேட்கும்? சத்தமாகப் பாடு என்பேன்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: டாசன் டிரம்ஸ் வாசித்த, சாக்ஸபோன் கலைஞர் புக்கர் எர்வினின் ‘த ஃப்ரீடம் புக்’ ஆல்பம், 1963இல் பதிவானது. பியானோ ஜாக்கி பையார்ட், பேஸ் ரிச்சர்ட் டேவிஸ். முதல் தடவை ரைடு சிம்பலை மட்டும் கவனியுங்கள்.